ஊர்ப்பெயரை எங்கே ஒடிப்பது?

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் விருதுநகர் மாவட்டத்தில் கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் ஊர்கள். இரண்டின் பெயரும் நீளம். நாளிதழின் ஒடுங்கிய பத்தியிலோ கைப்பேசித் திரையின் ஓரத்திலோ ஒரே வரியில் அடங்காதபோது பெயரின் மீதியை அடுத்த வரிக்குத் தள்ள வேண்டியிருக்கிறது. எந்த இடத்தில் ஒடிப்பது என்பதற்குத் தமிழ் அச்சு வழக்கில் இருப்பது ஏறக்குறைய ஒரே விதிதான்: புள்ளி வைத்த எழுத்து வரியின் முதலில் வரக்கூடாது. மற்றபடி எங்கு வேண்டுமானாலும் ஒடிக்கலாம், இணைப்புக்கோடுகூடத் தேவையில்லை. இந்த விதிப்படி ஸ்ரீவில்லிபுத்தூர் நான்கு இடங்களில் ஒடியும்: ஸ்ரீ, வில், லி, புத், தூர். ஒரு வரி ‘ஸ்ரீவில்’ என்று முடிந்து அடுத்த வரி ‘லிபுத்தூர்’ என்று தொடங்கினாலும் விதி மீறப்படவில்லை. ஆனால் ‘லிபுத்தூர்’ என்று படிப்பவர் மனத்தில் எதுவும் இல்லை. ‘புத்தூர்’ என்றால் உண்டு. அந்த நான்கில் இரண்டு இடங்கள்தான் சொல்லின் உறுப்புகள் சேரும் மூட்டுகள். மற்ற இரண்டும் வாய் ஒலியை முடித்து அடுத்த ஒலியைத் தொடங்கும் இடங்கள், அவ்வளவே. அசையைப் பிரிப்பதும் சொல்லுறுப்பைப் பிரிப்பதும் தனித்தனி வேலைகள். நம் புணர்ச்சி இலக்கணம் சில பெயர்களில் இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது, சில பெயர்களில் நிறுத்துவதில்லை. எங்கே நிறுத்துகிறது, எங்கே நிறுத்துவதில்லை என்பதை இந்த இரண்டு ஊர்களையும் சுற்றி இருக்கும் பெயர்களைக் கொண்டே பார்த்துவிடலாம்.

நீளச் சொற்களுக்குப் பெயர்போன மொழிகளில் ஒன்று டேனிஷ். தமிழைப் போலவே அதுவும் பெயர்ச்சொற்களை இடைவெளி விடாமல் அடுக்கிக்கொண்டே போகும். வேற்றுமை உருபைத் தொக்க வைத்து நாம் தொகைச்சொல் செய்வதைப் போலத்தான் அவர்களும் செய்கிறார்கள். சிறப்பு மருத்துவர்களின் தொழிலைத் திட்டமிடுவதில் நிலைத்தன்மை ஏற்படுத்தும் காலகட்டம் என்ற பொருளில் 51 எழுத்து நீளமுள்ள ஒரே சொல் அந்த மொழியில் உண்டு. நீளமான சொல்லுக்கு உதாரணமாக அடிக்கடி அதைத்தான் காட்டுவார்கள். அதில் சிறப்பு, மருத்துவர், தொழில், திட்டமிடல், நிலைப்படுத்தல், காலம் என்று ஆறு உறுப்புகள் இருக்கின்றன. அவற்றோடு இரண்டு இடங்களில் ‘எஸ்’ என்ற ஒற்றை எழுத்து சேர்ந்திருக்கிறது. அந்த எஸ்ஸுக்குத் தனிப்பொருள் இல்லை. ஓர் உறுப்பு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதைக் காட்டும் இணைப்பெழுத்து அது. பணியிடம் என்பதற்கான சொல்லிலும் அது வருகிறது: ‘வேலை’ என்ற சொல்லின் இறுதியில் எஸ் ஒட்டிக்கொள்ள, பின்னால் ‘இடம்’ என்ற பொருளுள்ள சொல் சேர்கிறது. வரியின் கடைசியில் கூட்டுச்சொல்லை ஒடிக்கும்போது டேனிஷ்காரர்கள் முதலில் மூட்டைத்தான் பார்ப்பார்கள். இணைப்பு எஸ் முன் உறுப்போடு நிற்கும். ஒலியை மட்டும் பார்த்தால் அந்த எஸ்ஸைப் பின் உறுப்போடு சேர்த்து ‘ஸ்ப்ல’ என்று தொடங்கவும் டேனிஷ் வாய்க்குத் தடையில்லை. அந்த ஒலிக்கூட்டோடு தொடங்கும் சொற்கள் அம்மொழியில் இருக்கின்றன. ஆகவே அங்கே ஒலி ஓர் இடத்தைக் காட்டும்போது பொருள் வேறோர் இடத்தைக் காட்டக்கூடும், அப்போது பொருளுக்குத்தான் முதலிடம்.

தமிழில் இந்த முரண் இன்னும் கூர்மையானது. காரணம், நம்மிடம் அசை என்பதற்கு இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. வாயில் ஒரு மூச்சில் ஒலிக்கும் அலகு ஒன்று. அதை ஒலியசை என்று வைத்துக்கொள்வோம். மற்றது யாப்பிலக்கணம் சொல்லும் நேரசை, நிரையசை. ஒரு குறிலோ நெடிலோ தனித்து நின்றால் நேர். குறில் இரண்டு சேர்ந்தாலும் குறிலும் நெடிலும் சேர்ந்தாலும் நிரை. பின்னால் ஒற்று வந்தால் அதுவும் அதே அசைக்குள் அடங்கும். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரை அலகிட்டால் ஸ்ரீ, வில், லிபுத், தூர் என்று நான்கு அசைகள் வரும். மூன்றாவது அசையைக் கவனியுங்கள். ‘லி’ வில்லிக்குரியது, ‘புத்’ புத்தூருக்குரியது. இரண்டு சொற்களின் துண்டுகளைச் சேர்த்து ஒரே நிரையசையாக்கிவிட்டது யாப்பு. ராஜபாளையத்தை அலகிட்டால் ரா, ஜபா, ளையம். இங்கும் ‘ஜபா’ மூட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது: ஒரு கால் ராஜாவிடம், இன்னொரு கால் பாளையத்திடம். அடுத்தடுத்த இரண்டு ஊர்ப்பெயர்களிலும் செய்யுளின் அசை மூட்டைத் தாண்டி நிற்கிறது. இதை யாப்பின் குறை என்று சொல்லக் கூடாது. அசை ஓசைக்காக ஏற்பட்டது; பொருளைப் பிரித்துக்காட்டும் பொறுப்பு அதற்கு ஒருபோதும் இருந்ததில்லை. சீர் பிரிக்கும்போது ஓசைக்காகச் சொல்லைப் பொருளற்ற இடத்தில் பிளக்க நேர்வதற்கு ‘வகையுளி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஓசை கேட்கும் வெட்டும் பொருள் கேட்கும் வெட்டும் ஒன்றல்ல என்று நம் இலக்கணிகள் தெளிவாகக் கண்டிருந்ததால்தான் அந்தப் பெயர் பிறந்தது.

இனி ராஜபாளையம் ஊருக்குள் போவோம். அங்கே புதுப்பாளையம் என்றொரு பகுதி இருக்கிறது, பழையபாளையம் என்றொரு பகுதியும் இருக்கிறது. ஒரே ஊர், மூன்று பாளையம், மூன்று விதமான மூட்டு. புதுப்பாளையத்தில் ‘ப்’ தோன்றுகிறது. பழையபாளையத்தில் தோன்றவில்லை, ‘பழைய’ பெயரெச்சம் என்பதால் வல்லினம் மிகாது. ராஜபாளையத்திலும் தோன்றவில்லை, ‘ராஜ’ வடமொழித் தொகை முறையில் வந்து நிற்கிறது. மூன்றையும் அலகிட்டுப் பாருங்கள். பழையபாளையம் பழை, யபா, ளையம் என்று பிரிந்து மூட்டைத் தாண்டுகிறது, ராஜபாளையத்தைப் போலவே. புதுப்பாளையம் மட்டும் புதுப், பா, ளையம் என்று மூட்டிலேயே சரியாக வெட்டுப்படுகிறது. காரணம் எளிது. இடையில் தோன்றிய ஒற்று முன் அசையை மூடிவிடுகிறது. மூடிய அசை அடுத்த எழுத்தை உள்ளே இழுக்க முடியாது. ஆகவே ‘பா’ புதிதாகத் தொடங்கியே ஆகவேண்டும். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பேர்போன சத்திரப்பட்டியிலும் இதுதான் நடக்கிறது: சத்திரம் தன் மகரத்தை இழந்து ‘ப்’ பெற்று, சத், திரப், பட், டி என்று பிரிகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் செண்பகத்தோப்பும் செண், பகத், தோப், பு. மூன்று பெயர்களிலும் இடையில் வந்த ஒற்று செய்யுளின் அசையையும் சொல்லின் உறுப்பையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டது.

டேனிஷ் எஸ் செய்யும் வேலையைத் தமிழில் க், ச், த், ப் செய்கின்றன என்பது என் முடிவு. இரண்டுக்கும் தனிப்பொருள் இல்லை. இரண்டும் முன் உறுப்போடு ஒட்டி நிற்கின்றன. இரண்டும் கூட்டுச்சொல்லின் நடுவில் எல்லைக்கல் நடுகின்றன. டேனிஷைவிடத் தமிழ் ஒருபடி மேலே போகிறது என்றுகூடச் சொல்வேன். அங்கே எஸ் எந்தப் பக்கம் போகும் என்பதில் காது தடுமாறலாம். இங்கே ‘ப்ப’ என்று இரட்டித்த ஒலி தமிழ் வாயில் ஒரே விதமாகத்தான் பிரியும். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்றால் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பட்டியல் என்று பலரும் நினைக்கிறார்கள். ஒற்றை விட்டுவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று எழுதுபவர்களே கேட்கிறார்கள். ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா’ என்று 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டத்தின் பெயரை ‘ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா’ என்று எழுதுபவர் மிகக் குறைவு. இங்கே இடைவெளி இருக்கிறது, அதுவே எல்லையைக் காட்டிவிடுவதால் நட்டமில்லை. ஆனால் சேர்த்தெழுதும் சொல்லில் ஒற்றை விடுவது எல்லைக்கல்லைப் பிடுங்குவதுதான். ‘செண்பகதோப்பு’ என்று எழுதிவிட்டால் முன் உறுப்பு எங்கே முடிகிறது என்று காட்ட எழுத்தில் எதுவும் மிஞ்சாது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. இரட்டித்த வல்லினம் மூட்டில் மட்டுமா வருகிறது? பட்டு, கத்தி, பாட்டி என்று தனிச்சொற்களுக்குள்ளேயும் அது நிறைந்து கிடக்கிறது. அதைவிட முக்கியமாக, ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ‘த்த’ இருக்கிறது; அந்த ‘த்’ மூட்டைக் காட்டும் ஒற்றா? இல்லை. புதுமை என்ற பண்புப்பெயர் ‘புது’ என்றாகி, ஊரின் உயிரெழுத்துக்கு முன்னால் தன் ஒற்று இரட்டித்து, ‘புத்து’ என்று நின்று, கடைசி உகரம் கெட்டு, எஞ்சிய ‘த்’ மேல் ‘ஊ’ ஏறி ‘தூ’ ஆகியிருக்கிறது. மூட்டு ‘த்’துக்கும் ‘தூ’வுக்கும் நடுவில் இல்லை. அது ‘தூ’ என்ற ஒற்றை எழுத்துக்குள் இருக்கிறது: எழுத்தின் மெய் புதுவுக்குச் சொந்தம், உயிர் ஊருக்குச் சொந்தம். ரோமன் எழுத்தில் எழுதும் டேனிஷ்காரருக்கு இப்படிப்பட்ட சிக்கல் வராது. அவர்களுடைய மூட்டு எப்போதும் இரண்டு எழுத்துகளுக்கு நடுவில்தான் விழும். நம் உயிர்மெய் மூட்டையே விழுங்கிவிடும். மறுப்பு சரிதான், ஒப்புக்கொள்கிறேன்: ஒற்று இரட்டித்திருப்பதை மட்டும் பார்த்து மூட்டு என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் பின் உறுப்பு வல்லினத்தில் தொடங்கும் தொகைகளில் ஒற்று செய்யும் வேலை இதனால் குறைந்துவிடவில்லை. பின் உறுப்பு உயிரில் தொடங்கும் தொகைகள் வேறு வகை என்பதுதான் தெரிகிறது.

அந்த வேறு வகையை நெருங்கிப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரே நல்ல இடம். அங்கே ஆலிலையில் பள்ளிகொண்ட பெருமாளுக்கு வடபத்ரசாயி என்பது ஒரு பெயர், வடபெருங்கோயிலுடையான் என்பது இன்னொரு பெயர். இரண்டாவதில் பதினொரு எழுத்து, நான்கு உறுப்பு: வட, பெரும், கோயில், உடையான். முதல் மூட்டு ‘ட’வுக்கும் ‘பெ’வுக்கும் இடையில் சுத்தமாக இருக்கிறது. இரண்டாவது மூட்டில் ‘ம்’ அடுத்து வரும் ககரத்துக்கு ஏற்ப ‘ங்’ ஆகியிருக்கிறது, ஆனால் எல்லை கலையவில்லை: பெருங், கோயில். மூன்றாவது மூட்டில் கோயிலின் ‘ல்’ உடையானின் ‘உ’வைப் பிடித்துக்கொண்டு ‘லு’ ஆகிவிட்டது. யாப்புப்படி அலகிட்டால் வட, பெருங், கோ, யிலு என்று போகும். கோயிலின் பின்பாதியும் உடையானின் முதல் உயிரும் சேர்ந்த ‘யிலு’வுக்கு எந்தப் பொருளும் இல்லை. வரியை இங்கே ஒடிக்க வேண்டுமென்றால் ‘கோயி’ என்று நிறுத்தினாலும் பிழை, ‘கோயிலு’ என்று நிறுத்தினாலும் பிழை. ‘வடபெருங்’ என்று முன்னதாக நிறுத்திவிட்டுக் ‘கோயிலுடையான்’ முழுவதையும் அடுத்த வரிக்கு அனுப்புவதே முறை. மூட்டு எழுத்துக்குள் புதைந்திருக்கும் இடத்தைத் தொடாமல் விட்டு, எழுத்துகளுக்கு நடுவில் திறந்திருக்கும் மூட்டைத் தேட வேண்டும். இதே காரணத்தால் புத்தூரைப் ‘புத்’ என்றும் ‘தூர்’ என்றும் ஒடிக்கக் கூடாது.

ஒற்றும் இல்லாமல், எழுத்திலும் அடையாளம் இல்லாமல், ‘வில்லிபுத்தூர்’ போன்ற பெயர்களை நாம் எப்படிச் சரியாகப் படிக்கிறோம்? காது உதவுகிறது. தமிழில் இரண்டு உயிர்களுக்கு நடுவில் தனித்து நிற்கும் வல்லினம் மெலிந்து ஒலிக்கும். ‘மரபு’ என்ற சொல்லில் உள்ள ‘பு’வை உதடுகள் இறுக்குவதில்லை. ஆனால் ‘வில்லிபுத்தூர்’ என்று சொல்லும்போது அதே ‘பு’ சொல்லின் முதலில் வருவதுபோல, ‘புலி’யில் ஒலிப்பதுபோல, வன்மையாகவே ஒலிக்கிறது. உயிர்களுக்கு நடுவில் இருந்தும் அது மெலியவில்லை என்றால், பேசுபவர் மனத்தில் அங்கே புதிய சொல் தொடங்குகிறது என்றுதான் பொருள். இதற்கு நேரெதிர் உதாரணம் டென்மார்க்கோடு தொடர்புடைய நம் ஊர் ஒன்றில் இருக்கிறது. 1620-இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய தரங்கம்பாடியில் தரங்கமும் பாடியும் சேர்ந்திருக்கின்றன. மெல்லினத்தை அடுத்து நிற்பதால் ‘பா’ மெலிந்துவிட்டது. அவர்கள் காதில் விழுந்து டேனிஷில் பதிந்த ‘ட்ராங்கேபார்’ என்ற வடிவத்தில் அந்த மெலிந்த ஒலிதான் இருக்கிறது. ஆக, சில மூட்டுகளை நாக்கு காப்பாற்றுகிறது, சிலவற்றைக் கரைத்துவிடுகிறது. எழுத்தில் இந்த வேறுபாடு தெரியாது, இரண்டுக்கும் ஒரே பகரம்தான். ரயில்வே சுருக்கக்குறிகளும் மூட்டறிவுக்குச் சாட்சி சொல்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையத்துக்கு எஸ், வி, பி, ஆர் என்ற குறி. ராஜபாளையத்துக்கு ஆர், ஜே, பி, எம். இரண்டிலும் ஒவ்வோர் உறுப்பின் தலையெழுத்தும் தவறாமல் இடம்பெற்றிருக்கிறது. செய்தித்தாள்கள் சுருக்கி எழுதும் ‘ஸ்ரீவி’யும் அப்படித்தான், முதல் உறுப்பையும் இரண்டாம் உறுப்பின் தலையையும் எடுத்துக்கொண்டு நிற்கிறது.

நூற்றாண்டுக்கணக்காக ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடம் விடாமல், பல சமயம் புள்ளிகூட வைக்காமல் எழுதினார்களே, ஓலை முடிந்த இடத்தில் சொல்லை ஒடித்தார்களே, யாருக்கு என்ன கெட்டுப்போனது என்று கேட்கலாம். சுவடியைப் படித்தவர் வாய்விட்டுப் படித்தவர். பெரும்பாலும் ஆசிரியரிடம் பாடம் கேட்டு, ஓசையை முன்பே மனத்தில் ஏற்றிக்கொண்டவர். சுவடி அவருக்கு நினைவூட்டும் துணை. அச்சு வந்து, பாடம் கேட்காதவர்களும் படிக்கத் தொடங்கியபோது அந்த எழுத்துமுறை போதவில்லை. அதனால்தான் 1950-களில் மர்ரே எஸ். ராஜம் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் பதிப்பித்தார். அந்தப் பதிப்புகளை அறிஞர்களும் மாணவர்களும் இன்றுவரை தேடுகிறார்கள். அப்படியானால் ஊர்ப்பெயரையும் ‘ஸ்ரீ வில்லி புத்தூர்’ என்று இடம்விட்டு எழுதிவிடலாமே என்பது அடுத்த கேள்வி. கூடாது. இடைவெளி பொருளை மாற்றும். ‘நல்லபாம்பு’ என்றால் நாகம்; ‘நல்ல பாம்பு’ என்றால் யாரையும் கடிக்காத பாம்பு. டேனிஷிலும் இதே தொல்லைதான்: ‘டேனிஷ்’, ‘ஆசிரியர்’ இரண்டையும் சேர்த்தெழுதினால் டேனிஷ் மொழி கற்பிப்பவர், பிரித்தெழுதினால் டேனிஷ் நாட்டவரான ஆசிரியர். ஆங்கிலத்தைப் பார்த்துப் பிரித்தெழுதும் பழக்கம் பரவுவதாக அங்கே வருந்துகிறார்கள். சொல் ஒன்றாகவே இருக்க வேண்டும். வரி போதாதபோது மட்டும் மூட்டில் ஒடிய வேண்டும்.

இதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா? சொல் ஒடிக்கும் மென்பொருள்களின் அடிப்படை, ஃபிராங்க்ளின் லியாங் 1983-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வேட்டில் கொடுத்த முறை. ஒடிக்கும் இடம் குறித்த அகராதியிலிருந்து எழுத்துக்கோவைகளைக் கணினியே கற்று, புதிய சொல்லிலும் ஒடியும் இடத்தைக் கணிக்கும். தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றுக்கு இந்தக் கோவைகளை எழுதிக் கட்டற்ற மென்பொருளாகத் தந்தவர் சந்தோஷ் தோட்டிங்கல். தமிழுக்கு உரியவை சில பத்து வரிகளில் அடங்கிவிடும். உயிர்மெய்யைப் பிளக்காதே, புள்ளியெழுத்தை அடுத்த வரிக்குத் தள்ளாதே என்பதுதான் சாரம். பெரும் உதவி அது, அதற்கு முன் ஒன்றுமே இல்லாமல் இருந்தோம். ஆனால் அது ஒலியசை வெட்டு. அந்த முறைக்கு ‘ஸ்ரீவில்லி’ என்று நிறுத்துவதும் ‘ஸ்ரீவில்’ என்று நிறுத்துவதும் ஒன்றே. இதன் மேல் ஓர் அடுக்கு வைக்க வேண்டும். இரட்டித்த வல்லினத்துக்கு நடுவில் ஒடிப்பதற்கு முன்னுரிமை தரலாம், புதுப்பாளையமும் சத்திரப்பட்டியும் செண்பகத்தோப்பும் சரியாகிவிடும். புத்தூரும் பட்டியும் நடுவில் உடையாமல் இருக்க, ஊர்ப்பெயர்களில் திரும்பத் திரும்ப வரும் ஈறுகளான புத்தூர், பட்டி, பாளையம், புரம், குளம், கோட்டை, கோயில், தோப்பு போன்றவற்றை உடையா உறுப்புகளாகப் பதிய வேண்டும். மிச்சத்துக்கு விதி போதாது, பட்டியல்தான் வேண்டும். ஊர்ப்பெயர்கள் எண்ணிக்கையில் அடங்குபவை. வருவாய்க் கிராமப் பட்டியல் ஒவ்வொரு வட்டத்துக்கும் இருக்கிறது. அதில் மூட்டைக் குறித்துக்கொண்டே போவதுதான் பாக்கி.

பெயர்க்காரணமே சர்ச்சையில் இருக்கும்போது மூட்டை யார் தீர்மானிப்பது என்று ஒரு தயக்கம் எழலாம். புத்தூர் என்பது புது ஊரா, புற்று இருந்த ஊர் பேச்சில் திரிந்ததா என்று வாதிட இடமிருக்கிறது. ஆழ்வார் பாசுரங்களில் இதே வில்லிபுத்தூர் ‘புதுவை’ என்று சுருங்கி வருவதைப் பார்க்கும்போது, புதுவில் இருந்து வந்தது என்ற பக்கமே எனக்கு வலுவாகத் தெரிகிறது. வில்லி என்பது ஊரை உண்டாக்கிய வேடர் தலைவனின் பெயர் என்று தலபுராணம் சொல்கிறது. வரலாற்று ஆசிரியர் அதை ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஆனால் எந்தக் கட்சி வென்றாலும் மூட்டு ‘லி’க்கும் ‘பு’வுக்கும் நடுவில்தான். புது ஊரானாலும் புற்றூரானாலும் ‘பு’வில்தான் தொடங்கும். பெருமாளின் இரண்டு பெயர்களிலும் இதைக் காணலாம். வடபத்ரசாயியில் ‘வட’ ஆலமரத்தைக் குறிக்கும் வடசொல். வடபெருங்கோயிலுடையானில் ‘வட’ திசையைக் குறிக்கும் தமிழ்ச்சொல். வேர் வேறு, மொழி வேறு, பொருள் வேறு. ஆனால் ஒடிக்கும் இடம் இரண்டிலும் ‘ட’வுக்குப் பின்னால்தான். பெயராய்வாளர்கள் தங்கள் வழக்கைத் தீர்க்கும்வரை பட்டியல் காத்திருக்க வேண்டியதில்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டங்களின் ஊர்களை நன்றாக அறிந்த தமிழாசிரியர்கள் சிலர் கூடி உட்கார்ந்தால் இந்தப் பகுதிக்கான பட்டியலைத் தொடங்கிவிடலாம்.